மொகத்த எடுக்காத, லத்திய எடு

நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் முன்னாடி எந்த போராட்டம் நடந்தாலும் சரி, கருங்கல் பக்கம் மணல் அள்ளுறதுக்கு எதிரா ஊர் கூடினாலும் சரி, இப்பம் கோஷம் போடுற கையவிட போன் தூக்கின கை தான் அதிகம். எடுக்கவே கூடாதுன்னு சொல்ல வரல. நான் மார்த்தாண்டம் பக்கம் ஸ்டூடியோ வெச்சிருக்கேன், கல்யாணம், ஞானஸ்நானம், ஊர் திருவிழா எல்லாம் எடுக்குறது தான் பொழப்பு, கடற்கரை ஊர்கள்ல போராட்டம்னு கூப்பிட்டா காசு வாங்காம போய் எடுத்துக் குடுக்குறதும் உண்டு. ஆனா என்னத்த எடுக்கிறோம், எடுத்தது கடைசியில யாரு கைக்குப் போய் சேருதுன்னு ஒரு நிமிஷம் கூட யோசிக்காம லைவ் பட்டன அமுக்குறது நம்ம ஆளுகளுக்கே கேடா முடியுது. அதத்தான் எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல கெடந்துச்சு.

போராட்டத்துக்குப் போடுற எஃப்ஐஆர் எப்படி இருக்கும்னு பார்த்திருக்கீங்களா? முதல்ல அஞ்சாறு பேரு பெயர் இருக்கும், ஊர் தலைவர், போராட்டக் குழு ஆளு, மைக் பிடிச்சவங்க. அதுக்குக் கீழ "மற்றும் பலர்", இல்லன்னா பார்த்தால் அடையாளம் காட்டக்கூடிய இத்தன பேர்னு ஒரு வரி. மொத்த காகிதத்துலயும் அந்த வரி தான் பயங்கரம். அது காலியா விட்ட இடம், பின்னாடி யார வேணும்னாலும் அதுக்குள்ள எழுதிக்கலாம். நம்ம மாவட்டத்த ஒட்டி இருக்கிற கூடங்குளத்துல 2011 ல போராட்டம் சூடு பிடிச்ச பிறகு தேசத்துரோகம் வரைக்கும் ஆயிரக்கணக்கான பேர் மேல வழக்கு போட்டாங்க, 2013 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டே அந்த வழக்குகள வாபஸ் வாங்கப் பாருங்கன்னு சொல்ற அளவுக்கு போச்சு. ஓகி புயல் முடிஞ்சு 2017 டிசம்பர் 7 ந்தேதி, கடலுக்குப் போன ஆளுகள தேடிக் குடுங்கன்னு தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி பக்கத்துல இருந்தெல்லாம் ஜனங்க நடந்தே வந்து குழித்துறை ஸ்டேஷன்ல தண்டவாளத்துல உக்காந்தாங்க, ராத்திரி வரைக்கும் ரயில் ஓடல. புருஷன், மகன் இருக்கானா இல்லையான்னு தெரியாம வந்து உக்காந்த கூட்டம் அது. அதுக்கும் ஆயிரக்கணக்குல கேஸ் தான். இவ்வளவு பேர்ல யாருடைய பெயரு போலீசுக்குத் தெரியும்? தெரியாது. அந்த காலியிடத்த நிரப்புறதுக்கு நம்ம போட்ட வீடியோவ விட நல்ல பட்டியல் வேற எதுவும் கிடையாது, நாமளே க்ளோஸ்அப் எடுத்து, ஊரு பெயரையும் தேதியையும் தலைப்புல போட்டு, கமெண்ட்ல "நம்ம இன்னாரு மொவன் தானே, சூப்பர்லே"ன்னு பெயரையும் எழுதி வெச்சிடுறோம்.

கேஸ் தானே, பார்த்துக்கலாம்னு சொல்ற ஆளுக நம்ம மாவட்டத்துல எத்தன வீடு எப்படி ஓடுதுன்னு நினைச்சுப் பார்க்கணும். கடற்கரையில வீட்டுக்கு ஒருத்தர் பஹ்ரைன், சவூதி, துபாய்னு மீன்பிடி வேலைக்குப் போயிருப்பாரு, இல்லன்னா கப்பல்ல. உள்நாட்டு பக்கம் நர்ஸ் படிச்ச பிள்ளைக. எல்லாத்துக்கும் பாஸ்போர்ட் வேணும், புதுப்பிக்கணும், பல நாடுகளுக்கு பிசிசி, அதாவது போலீஸ் குடுக்கிற நன்னடத்த சான்று, அதுவும் வேணும். கிரிமினல் கோர்ட்ல வழக்கு நிலுவையில இருந்தா பாஸ்போர்ட் மறுக்கலாம்னு 1967 ஆம் வருஷ பாஸ்போர்ட் சட்டத்துலயே இருக்கு, கோர்ட்ல அனுமதி வாங்கிட்டு வந்தா குடுப்பாங்க. வெறும் எஃப்ஐஆர் மட்டும் இருந்தா தடுக்கக் கூடாதுன்னு ஹைகோர்ட் தீர்ப்புகளும் இருக்கு. ஆனா வெரிஃபிகேஷனுக்கு ஸ்டேஷன்ல இருந்து போற ரிப்போர்ட்ல கேஸ் இருக்குன்னு ஒரு வரி போனா அந்த பையன் விசா கையில வெச்சுக்கிட்டு வக்கீல் வீட்டுக்கும் கோர்ட்டுக்கும் அலையணும், அதுக்குள்ள விசா காலாவதி ஆகிரும். அவன் செஞ்சது என்ன? ஊரு மண்ணு போகக் கூடாதுன்னு ஒரு மணிநேரம் ரோட்டுல உக்காந்தான். அந்த ஒரு மணிநேரத்த தான் நாம 4கே ல எடுத்து ஏத்துறோம்.

எங்க தொழில்ல இருக்கிறவங்களுக்கு இன்னொரு விஷயம் தெரியும், வெளிய ரொம்ப பேருக்குத் தெரியாது. போராட்டத்துல பெரிய கேமராவ தோள்ல வெச்சுக்கிட்டு ஒருத்தர் சுத்தி சுத்தி எடுப்பாரு, ஜனங்க டிவிக்காரர்னு நினைச்சு அவர் முன்னாடி வந்து இன்னும் சத்தமா கோஷம் போடுவாங்க. நிறைய நேரம் அவர் டிவியும் இல்ல, போலீசும் இல்ல, நம்மள மாதிரி கல்யாணம் எடுக்கிற ஸ்டூடியோ ஆளு, போலீஸ் தரப்புல தினக்கூலிக்குக் கூப்பிட்டிருப்பாங்க. எலெக்ஷன் பறக்கும் படைக்குக் கூப்பிடுற மாதிரி தான். எங்க பக்கத்து ஸ்டூடியோ அண்ணன் போயிருக்காரு, என்ன எடுக்கச் சொன்னாங்கன்னு கேட்டேன். பேனர் வேண்டாமாம், கூட்டம் எவ்வளவுன்னு காட்டுற வைடு ஷாட் வேண்டாமாம், வரிசையா மொகம், மைக் பிடிக்கிறவர் மொகம், பக்கத்துல நின்னு அவர் காதுல பேசுறவர் மொகம், கடைசியில நிறுத்தி வெச்சிருக்கிற பைக் நம்பர் பிளேட்டு. அத எடுத்து மெமரி கார்டோட குடுத்துட்டு வந்துட்டாராம். அந்த அண்ணன நான் குத்தம் சொல்லல, அவருக்கும் வீடு இருக்கு, சீசன் இல்லாத மாசம் அது. எனக்கும் அழைப்பு வந்திருக்கு, போகமாட்டேன்னு சொல்லிட்டேன். நான் சொல்ல வர்றது, போலீஸ் காசு குடுத்து எடுக்கச் சொல்ற அதே ஷாட்ட தான் நம்ம பசங்க காசு வாங்காம இன்னும் கிட்ட போய், இன்னும் தெளிவா எடுத்துப் போடுறாங்க.

அதுவும் இப்பம் வீடியோவ நிறுத்தி நிறுத்தி ஒருத்தர் உக்காந்து பார்க்கணும்னு இல்ல. 2020 ல டெல்லி கலவரம் முடிஞ்சு, டிரைவிங் லைசென்ஸ், வோட்டர் ஐடி படங்களோட ஒப்பிட்டு மொகம் கண்டுபிடிக்கிற சாப்ட்வேர் வழியா ஆயிரத்து நூறு பேருக்கு மேல அடையாளம் கண்டாச்சுன்னு உள்துறை அமைச்சர் அமித் ஷாவே பார்லிமென்ட்ல சொன்னாரு. நம்ம தமிழ்நாடு போலீசும் 2021 ல அந்த மாதிரி ஒரு சிஸ்டம் தொடங்கியாச்சு, ரோந்துல இருக்கிற போலீஸ் கையில இருக்கிற போன்லயே போட்டோ எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2024 மே மாசம் அந்த போர்ட்டலே ஹேக் ஆகி டேட்டா வெளிய போனது செய்தியில வந்துச்சு. கலவரம் பண்ணினவன பிடிக்கட்டும், யாரு வேண்டாங்குறா. ஆனா அந்த மிஷினுக்கு கல்லெறிஞ்சவன் மொகமும் தெரியும், கல்லெறியாதலேன்னு கையப் பிடிச்சு இழுத்தவன் மொகமும் தெரியும், ரெண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆறு மாசம் கழிச்சு, அஞ்சு வருஷம் கழிச்சு கூட அந்த வீடியோ நெட்ல கெடக்கும்.

அப்பம் எடுக்கவே வேண்டாமான்னு கேட்டா, ஐயோ, கண்டிப்பா எடுக்கணும். 2018 மே 22 தூத்துக்குடியில ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்துல தொடங்கின துப்பாக்கிச் சூட்டுல போலீஸ் 13 பேர கொன்னாங்க. மஞ்சள் டி-ஷர்ட் போட்ட போலீஸ்காரர் வேன் மேல ஏறி படுத்துக்கிட்டு துப்பாக்கியால குறி பாக்குற அந்த காட்சி வெளிய வரலேன்னா என்ன கதை சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க. அடுத்த நாளே தூத்துக்குடி, திருநெல்வேலியோட சேர்த்து நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் நெட்ட நிறுத்தினாங்க, இங்க ஒரு குண்டும் வெடிக்கல, ஆனா நம்ம போன்ல நெட் இல்ல. வீடியோவுக்கு அவ்வளவு பயம் இருக்குன்னு அன்னைக்கு எனக்குப் புரிஞ்சுது. 2020 ல சாத்தான்குளம் ஸ்டேஷன்ல சிசிடிவி இருந்தும் பதிவு தினமும் தானா அழியிற மாதிரி செட் பண்ணி வெச்சிருந்தாங்கன்னு விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் அறிக்கையில எழுதினாரு. 2025 ஜூன்ல மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார போலீஸ் அடிச்சது உலகத்துக்குத் தெரிஞ்சதே ஒருத்தர் மறைஞ்சு நின்னு ஜன்னல் வழியா எடுத்த சின்ன வீடியோனால தான். அந்த வீடியோ எடுத்தவர் அதுக்கப்புறம் உயிருக்கு பாதுகாப்பு கேட்டு அலைய வேண்டியதாச்சு, அதையும் மறக்கக் கூடாது. எடுக்கிறவனுக்கும் ஆபத்து இருக்கு, அது தெரிஞ்சும் எடுக்கணும்.

அதனால நான் எங்க பக்கத்து பசங்ககிட்ட சொல்றது ஒண்ணே ஒண்ணு தான். கேமராவ ஜனங்க பக்கம் இருந்து திருப்பி, அதிகாரம் நிக்கிற பக்கம் வை. தடுப்பு கம்பிக்கு இந்தப் பக்கம், நம்ம ஆளுகளுக்குப் பின்னாடி போலீஸ பார்த்து நின்னா ஃபிரேம்ல நம்ம ஆளுக தலையோட பின்பக்கமும் தோளும் தான் வரும், எதிர்ல லத்தி, நேம் பேட்ஜ், வண்டி நம்பர், யாரு உத்தரவு போடுறா, எச்சரிக்கை குடுத்தாங்களா இல்லையான்னு எல்லாம் தெளிவா விழும். சட்டப்படி கூட்டத்த கலைக்க முன்னாடி கலைஞ்சு போங்கன்னு சொல்லணும், அந்த மைக் சத்தம் உன் வீடியோவுல விழுந்திருக்கா விழலையாங்குறது நாளைக்கு கோர்ட்ல கேள்வியா வரும். கூட்டம் எவ்வளவுன்னு காட்டணுமா, மாடியில இருந்து வைடா எடு, மொகம் புள்ளி மாதிரி தெரிஞ்சா போதும். கோஷத்துக்கு ஆடியோ போதும். கையில இருக்கிற தட்டி, கறுப்புக் கொடி, வெயில்ல காஞ்ச கால், நடந்து தேஞ்ச செருப்பு, இதெல்லாம் மொகத்தவிட நிறைய பேசும். கல்யாண ஆல்பத்துலயே மருதாணி கை தானே எல்லாரும் கேக்குறாங்க.

நான் இப்படி சொல்றப்போ இனயம் பக்கத்து ஒரு அம்மா என்னைய நிறுத்தி கேட்டாங்க. துறைமுகத்துக்கு எதிரா போராடின காலத்துல இருந்தே முன்வரிசையில உக்காருற அம்மா அவங்க. "நாங்க என்ன களவாணியா மக்களே, ஒளிஞ்சு நிக்கதுக்கு? எங்க கடலு, எங்க மண்ணு, எம் மொகத்த நல்லா எடு, அவனுவ பாக்கட்டும்"னாங்க. நான் வாயடைச்சு நின்னேன், ஏன்னா அவங்க சொல்றது நியாயம். போராட்டம்னாலே நான் இங்க இருக்கேன்னு காட்டுறது தானே. மொகத்த மறைச்சு மறைச்சு எடுத்தா என்னமோ தப்பு பண்ற கூட்டம் மாதிரி ஆயிரும், அதுவும் நமக்கு நஷ்டம். ஆனா அதே அம்மா, நான் கேமராவ தூக்கினப்போ பக்கத்துல இருந்த மகள முந்தானையால மறைச்சாங்க. "இவள எடுக்கண்டாம், இவளுக்கு பேசி வெச்சிருக்கு." மொத்த விஷயமும் அதுக்குள்ளயே இருக்கு. தன் மொகத்த அவங்க தந்தாங்க, தெரிஞ்சே தந்தாங்க. மகளோட மொகத்த தரல. அத கேக்காம எடுத்துட்டு, பொது எடத்துல தானே நின்னான்னு சட்டம் பேசலாம். பொது எடத்துல எடுக்குறத தடுக்கிற சட்டம் இல்லதான், 2017 ல தனி உரிமை அடிப்படை உரிமைன்னு சுப்ரீம் கோர்ட் 9 நீதிபதிகள் சொன்ன பிறகும் கூட இந்த இடத்துல தெளிவா ஒரு கோடு கிடையாது. கோடு இல்லாத இடத்துல தான் நம்ம மனசாட்சி வேலை செய்யணும். வாய் தொறந்து கேளுங்க, எக்கா எடுக்கட்டா, போடட்டான்னு. எடுக்குறதுக்கு சரின்னா போடுறதுக்கும் சரின்னு அர்த்தம் இல்ல, ரெண்டையும் தனித்தனியா கேக்கணும்.

அழுகைய எடுக்குறது பத்தி கோவமா தான் எழுதுறேன். ஓகி நேரத்துல சின்னத்துறை கரையில நடந்தது இன்னும் கண்ணுல நிக்குது, தலைய விரிச்சுப் போட்டு மணல்ல உருண்டு அழுற பொம்பளைங்க வாய்க்கு முன்னால அஞ்சு மைக்கு, எப்படி ஃபீல் பண்றீங்கன்னு கேள்வி. மாராப்பு விலகினது கூட தெரியாம அழுதவங்க அவங்க. அந்த க்ளிப்புகள் சோகப் பாட்டு ஏத்தி இப்பமும் சுத்துது. அவங்க பிள்ளைங்க வளர்ந்து காலேஜ் போகுது, அதுக போன்ல அது வந்து விழுது. காணாம போனவங்களோட படத்த கையில பிடிச்சுக்கிட்டு நின்ன கைகளையும், படகு பெயரையும், பதில் சொல்லாம நின்ன அதிகாரியையும் காட்டியிருந்தாலே நாடு பார்த்திருக்கும்.

பிள்ளைகள முன்னாடி உக்கார வைக்கிறது வேற நம்ம பக்கம் வழக்கம். பிள்ள மொகம், அது போட்டிருக்கிற ஸ்கூல் யூனிஃபார்ம், டை, பேட்ஜ், எதுவும் வரக் கூடாது, இதுல பேச்சே இல்ல. வழக்குல சிக்கின, பாதிக்கப்பட்ட, சாட்சியா இருக்கிற பிள்ளைகள அடையாளம் காட்டுறது சிறார் நீதிச் சட்டம் 74 ஆம் பிரிவுல குற்றம்.

மறைக்கணும்னா எப்படி மறைக்கிறதுன்னும் சொல்லிடுறேன், ஏன்னா ரீல்ஸ் ஆப்ல இருக்கிற லேசான பிளர் போட்டு பாதுகாப்பு ஆச்சுன்னு நிறைய பேரு நினைக்கிறாங்க. மெல்லிசா மங்கலாக்கினத ஓரளவுக்கு திரும்பக் கொண்டு வர முடியும், ரெண்டு ஃபிரேம்ல பிளர் நழுவினாலும் மொகம் மாட்டிரும். கறுப்பு கட்டம் முழுசா வெச்சு மூடுங்க. போட்டோவுக்கு சிக்னல் ஆப்லயே மொகத்த மங்கலாக்குற வசதி 2020 ல இருந்து இருக்கு, மேல இன்னொரு தடவ நல்லா பூசிக்கலாம். மொகத்த மூடிட்டு சட்டையும் கையில குத்தின பச்சையும் பைக் நம்பரும் தெரிஞ்சா பிரயோஜனம் இல்ல, ஊர்ல இருக்கிறவன் நடையப் பார்த்தே சொல்லிருவான். வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா லொகேஷன் விவரம் கழண்டுரும், டாக்குமெண்டா அனுப்பினா அப்படியே போகும், இதுவும் தெரிஞ்சு வெச்சிருக்கணும். அப்புறம் லைவ். லைவ்ல போனது போனது தான், ஒருத்தர் வந்து என் மொகத்த எடுத்திருன்னு சொல்ல வழியே இல்ல, நீங்க வீட்டுக்கு வந்து டெலிட் பண்றதுக்குள்ள யாராவது ஸ்கிரீன் ரெக்கார்ட் எடுத்திருப்பாங்க. தடியடி நடக்குது, போன பிடுங்கப் போறாங்கன்னா லைவ் போடுறதுல நியாயம் இருக்கு, அது ஒண்ணு தான் பதிவ காப்பாத்தும். மத்த நேரத்துல ரெக்கார்ட் பண்ணுங்க, ராத்திரி உக்காந்து பார்த்து அப்புறம் போடுங்க.

ஆனா மறைக்கிறதெல்லாம் வெளிய போடுற காப்பியில மட்டும். ஒரிஜினல்ல கை வைக்கவே கூடாது. 2024 ஜூலை 1 ல இருந்து பழைய சாட்சிய சட்டம் போய் பாரதிய சாட்சிய சட்டம் வந்திருக்கு, அதுல 63 ஆம் பிரிவு தான் எலக்ட்ரானிக் ஆதாரத்துக்கு. சர்டிபிகேட் வேணும், அதுல ஃபைலோட ஹேஷ் மதிப்பு எழுதணும், எந்த போன்ல எடுத்ததுன்னு விவரம் வேணும். ஹேஷ்ங்கிறது அந்த ஃபைலுக்குன்னு கணக்குப் போட்டு வர்ற ஒரு நீளமான எண், ஒரு செகண்ட் வெட்டினா கூட மாறிரும். வாட்ஸ்அப்ல ஃபார்வர்டு ஆகி சுருங்கி வந்த வீடியோவ வக்கீல்கிட்ட கொண்டு போனா அவரு தலையில கை வெச்சுருவாரு. ஆரம்பிக்கும்போதே ஜங்ஷன் போர்டையோ குருசடியையோ கோயில் வளைவையோ காட்டி, நிறுத்தாம எடுத்து, அந்த ஃபைல அப்படியே வேற டிஸ்க்ல ஏத்தி வைங்க. போன் லாக் கைரேகையில இருந்தா அத மாத்தி நம்பர் போடுங்க, கையப் பிடிச்சு போன்ல வைக்கிறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்.

நம்ம மாவட்டத்துக்குன்னு கூடுதலா ஒரு பயம் எனக்கு உண்டு. 1982 மண்டைக்காடு மதக் கலவரத்த பார்த்த ஊர் இது. எங்கயோ நடந்த தள்ளுமுள்ள வெட்டி, நம்ம ஊரு பெயரப் போட்டு, ஒரு மதத்துக்காரன் இன்னொரு மதத்துக்காரன அடிக்கிறான்னு ஒருத்தன் எழுதி விட்டா சாயங்காலத்துக்குள்ள கல்லு பறக்கும். தேதியும் இடமும் தெரியாத வீடியோ எவன் அனுப்பினாலும், சொந்த மச்சான் அனுப்பினாலும், தள்ளி விடாதீங்க. சர்ச் பங்கு வாட்ஸ்அப் குரூப், ஊர் குரூப்னு நம்பிக்கையா போடுறதும் அப்படித்தான், இருநூறு பேர் இருக்கிற குரூப்புல மப்டி ஆளோ அவருக்கு வேண்டப்பட்டவரோ இல்லாம இருக்காது, அதுல போடுறதும் ஸ்டேஷன் போர்டுல ஒட்டுறதும் ஒண்ணு தான்.

இப்பம் கிள்ளியூர் தாலுகாவுல கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடுன்னு 1144 ஹெக்டேர்ல அணுக்கனிம மணல் எடுக்க போட்ட திட்டத்துக்கு எதிரா ஊர் ஊரா கூடுறாங்க, 2024 அக்டோபர் 1 ந்தேதி வெச்சிருந்த கருத்துக்கேட்பு கூட்டத்த தள்ளி வெச்சதுக்கப்புறமும் ஓயல. இதுக்காக எங்க பக்கத்து பசங்க சிலர் சேர்ந்து ஒரு ஏற்பாடு பேசியிருக்கோம். கூட்டத்துக்கு ரெண்டு பேர் மட்டும் கேமரா, ஒருத்தர் போலீஸ் வரிசைய மட்டும் பார்ப்பாரு, இன்னொருத்தர் தூரத்துல இருந்து மொத்தக் காட்சி. மத்தவங்க போன பாக்கெட்டுல வெச்சுட்டு கோஷம் போடட்டும். ஆரம்பத்துல மைக்ல ஃபாதரோ ஊர் தலைவரோ, வீடியோ எடுக்கிறாங்க, மொகம் வர வேண்டாங்கிறவங்க பின் வரிசையில உக்காருங்கன்னு சொல்லிருவாங்க. ஒரிஜினல் ஒரு காப்பி வக்கீல்கிட்ட, ஒரு காப்பி என்கிட்ட.

என்கிட்ட இருக்கிற காப்பிய எத்தன வருஷம் வெச்சிருக்குறதுன்னு தான் இன்னும் சண்ட போட்டுக்கிட்டு இருக்கோம். கேஸ் எப்பம் கோர்ட்டுக்கு வரும்னு சொல்ல முடியாது, எதையும் அழிக்காதீங்கன்னு வக்கீல் சொல்றாரு. ஸ்டூடியோவ சோதனை போட்டா மொத்தமும் ஒரே டிஸ்க்ல மாட்டும், கேஸ் இல்லாத கூட்டத்தோட வீடியோவ ஆறு மாசத்துல அழிச்சிரணும்னு பசங்க சொல்றாங்க. எனக்கு பசங்க சொல்றது தான் சரின்னு படுது, போலீஸ் கை நீட்டின காட்சிய மட்டும் தனியா வெச்சுட்டு மிச்சத்த அழிச்சிரலாம்னு இந்த வாரம் கூடும்போது சொல்லப் போறேன்.